பனிமலைக்குப் புறப்படுமுன்

இமயம் தமிழனுக்குப் புதிதன்று. சேர மன்னன் நெடுஞ்சேரலாதன் 'இமயவரம்பன்' என்ற பெயரைத் தாங்கி நின்றான். அவன் மைந்தன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்திலிருந்தே கல் கொணர்ந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதனைப் படிக்கும் நாம் போரையும் வெற்றியையும் மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறோம். இளங்கோவடிகளோ ஏற்பாடுகளையும் விடாமல் சொல்லியிருக்கிறார். நீலகிரியில் பாடி இறங்கியதைச் சொல்கிறார். கங்கையைக் கடக்க நூற்றுவர் கன்னர் ஓடங்கள் அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறார். மன்னன் வஞ்சியை விட்டு நீங்கி 32 திங்கள் ஆயின என்று கணக்கும் சொல்கிறார்.

எங்களுக்குக் கிடைத்திருப்பது 14 நாள். யானையில்லை, தேரில்லை, ஓடம் கட்டித் தருவாரும் இல்லை. பதினொரு முதுகுப்பைகளும், உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்து வந்த ஒரு தலைவியும்தான் எங்கள் படைபலம். அவர் ஆராய்ச்சி மாணவி. எல்லோரும் 'அக்கா' என்றே அழைக்கிறோம். வரும் ஜனவரியில் எங்கள் மாணவர் மலையேற்றக் குழு உத்தரகாண்டின் கேதார்காந்தா மலைக்குச் செல்கிறது. அதன் உயரம் சுமார் 3,810 மீட்டர். 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டோடு வைத்துப் பார்த்தால் பாதிகூட இல்லை. பழுத்த மலையேறிகள் இதனைச் சிகரம் என்றே மதியார். கோடையில் போனால் மேய்ச்சல் நிலத்தில் நடப்பது போல் நடந்து வரலாம்.

ஆனால் நாங்கள் போவது கோடையில் அன்று. குளிர்காலம் ஒரு மலையை வேறொரு மலையாக மாற்றிவிடுகிறது. டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்டின் உச்சியை 1953 மே 29 அன்று மிதித்துவிட்டார்கள். அதே உச்சியைக் குளிர்காலத்தில் மிதிக்க மனிதனுக்கு மேலும் 27 ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1980 பிப்ரவரியில் போலந்து நாட்டார் இருவர் அதனைச் செய்தனர். இரண்டாவது உயர்ந்த சிகரமான கே-2 குளிர்காலத்தில் பணிந்தது 2021 ஜனவரியில்தான். நேபாளத்தவர் பத்துப் பேர், முதல்வன் யார் என்ற போட்டியே எழாதபடி உச்சிக்குச் சற்றுக் கீழே ஒருவருக்கொருவர் காத்திருந்து, ஒன்றாகச் சேர்ந்து ஏறினார்கள். அந்தப் பெரியவர்களின் பனியும் எங்கள் சிறிய மலையின் பனியும் ஒரே இனந்தான். அளவில்தான் வேறுபாடு.

இந்தச் செய்தியை வீட்டுக்குச் சொன்னபோது அம்மா உடனே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, அன்னைக்கு செத்துப் போனவங்களும் உன்னை மாதிரி பெங்களூர்லேருந்து போனவங்கதானே?"

அம்மா சொன்னது 2024 ஜூன் மாதத்துச் செய்தி. கர்நாடகத்திலிருந்து உத்தரகாண்டின் சஹஸ்ர தால் ஏரிக்குச் சென்ற 22 பேர் பனிப்புயலில் சிக்கினர். ஒன்பது பேர் உயிரோடு திரும்பவில்லை. அது குளிர்காலமும் அன்று, ஜூன் மாதம். அதற்கு முன் 2022 அக்டோபரில், திரௌபதி கா தண்டா என்னும் மலையில் பனிச்சரிவு ஏற்பட்டுப் பயிற்சி மாணவர்களும் பயிற்றுநர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றை அறிந்த தாயிடம் "ஒன்றும் ஆகாதம்மா" என்று சொல்லிவிடலாம். அது பதிலாகுமா? ஆகாது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? ஆகவே, நாங்கள் என்னென்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை வாரந்தோறும் அம்மாவுக்குச் சொல்லி வந்தேன். அந்தப் பதிலைத்தான் நம் மன்றத்து அன்பர்களுக்காக இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஒழுங்கு என்னுடையதன்று, வள்ளுவருடையது. எங்கள் ஓட்டப்பயிற்சி அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறது. அந்தக் கரையில் வள்ளுவர் சிலை இருப்பது நீங்கள் அறிந்ததே. ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை அது. மூச்சு வாங்க அங்கே வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு நினைவு வரும். பொருட்பாலில் 48, 49, 50 ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசன் போருக்குப் போகுமுன் எண்ண வேண்டியவை இவை. மலைக்குப் போகிறவனுக்கும் நான்காவதாக ஒன்று தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வலி. செப்டம்பரில் பயிற்சியைத் தொடங்கினோம். ஐந்து கிலோமீட்டரை முப்பது நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது அக்கா விதித்த முதல் சட்டம். வார நாட்களில் விடுதிப் படிக்கட்டே எங்கள் மலை. பத்துக் கிலோ சுமையை முதுகில் கட்டிக்கொண்டு ஆறு மாடி ஏறி இறங்குவோம். ஒரு மாலைக்குப் பத்து முறை. பார்ப்பவர்கள், "மின்தூக்கி பழுதா?" என்று அன்போடு விசாரித்துவிட்டு அதிலேயே ஏறிப் போவார்கள். ஏறுவதுதான் கடினம் என்று எண்ணியிருந்தோம். முதல் வாரத்திலேயே முழங்கால் உண்மையைச் சொல்லிவிட்டது. ஏற்றம் மூச்சைக் கேட்கும். இறக்கமோ மூட்டையும் தொடையையும் கேட்கும். விபத்துகளும் களைத்துத் திரும்பும்போதே மிகுதி என்று அக்கா சொல்வார். ஆகவே இறங்குவதையும் ஒரு கலையாகவே பழகினோம்.

இந்த வகையில் பெங்களூர் நமக்கு ஒரு கொடை. நகரைச் சுற்றிலும் கருங்கல் மலைகள். சாவனதுர்க்கம் ஒரே பாறையாக 1,226 மீட்டருக்கு உயர்ந்து நிற்கிறது. நந்தி மலை 1,478 மீட்டர். 'ஷோலே' படத்தால் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ராமநகரப் பாறைகள் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கின்றன. ஞாயிறுதோறும் இவற்றில் ஒன்றில் இருப்போம். பாறையில் கால் வைக்கும் முறை, கயிற்றில் எட்டு முடிச்சு, தடுமாறுகிறவனைக் கயிற்றால் தாங்கும் முறை எல்லாம் அங்கே கற்றோம். கேதார்காந்தாவில் கயிறு வேண்டியிராது. ஆனால் கயிற்றைப் பிடித்தவனுக்கு ஒரு பாடம் கிடைத்துவிடுகிறது: மறுமுனையில் தொங்குபவன் உயிர் என் கையில் இருக்கிறது என்பது. அதைப் பாறையில் கற்றவன் பனியில் மறக்கமாட்டான்.

வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டி ஒன்று வரும். இறகு எடையற்றதுதான், அளவு மீறினால் அச்சு முறியும். முதன்முறை நாங்கள் பைகளைக் கட்டியபோது அந்த வண்டி என் கண்முன் நின்றது. எதைக் கேட்டாலும், "இது ஒன்றும் கனமில்லையே" என்ற பதில்தான். ஒரு புத்தகம் கனமில்லை. ஒரு துண்டு கனமில்லை. இரண்டாவது விளக்கு கனமில்லை. விடுதிச் சமையற்கூடத்தின் காய்கறித் தராசில் என் பையைத் தூக்கி வைத்தோம்: 17 கிலோ. அதில் இரண்டு கிலோ அம்மா அனுப்பிய பொருள்விளங்கா உருண்டை. அதன் கடினம் நாடறிந்தது. உறைபனியில் அதனைக் கடித்தால் பொருள் விளங்குவதற்குமுன் பல் விழுந்துவிடும் என்று நண்பர்கள் தீர்ப்பளித்தார்கள். ஆகவே அதனை இங்கேயே உண்டு முடித்தோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் சுக்குப்பொடியும் மட்டும் பையில் இடம் பெற்றன. நான்கு முறை கட்டி அவிழ்த்தபின் பை 11 கிலோவுக்கு இறங்கியது.

அடுத்தது காலம். காக்கை பகலில் ஆந்தையை வெல்லும் என்பதில் தொடங்குகிறது அந்த அதிகாரம். பனிமலையில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையானது. இரவில் உறைந்த பனி விடியற்காலையில் கல் போல் இறுகியிருக்கும். காலணியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டால் உறுதியாக நடக்கலாம். வெயில் ஏற ஏற அதே பனி இளகித் தொடை வரை புதையும். அதனால்தான் உச்சிக்குப் போகிறவர்கள் பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கே புறப்படுகிறார்கள். ஜனவரியில் பகலும் குறுகியது. மேலும், நமக்கு ஐப்பசி மழை எப்படியோ அப்படி அந்த மலைகளுக்கு மேற்கத்திய இடையூறு என்ற ஒன்று உண்டு. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து நகர்ந்து வரும் அந்தக் காற்றழுத்த அலைதான் குளிர்காலத்தில் அங்கே பனியைக் கொட்டுகிறது. அது வரும் செய்தியை வானிலைத் துறை முன்கூட்டியே அறிவிக்கும். அந்த அறிவிப்பு வந்தால் ஊரிலேயே தங்கிவிடுவது என்று எங்கள் நிரலில் ஒரு நாளை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

எங்கள் ஏற்பாடுகளிலேயே தலையாயது ஒரு காகிதம். உச்சி ஏறும் நாளன்று காலை பத்து மணிக்கு யார் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று அதில் எழுதி, அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். உச்சி நூறு அடியில் தெரிந்தாலும் சரி. இதனை ஏன் இப்போதே எழுத வேண்டும்? அங்கே போய்த் தீர்மானிக்கலாகாதா? ஆகாது. களைத்த உடலும், குறைந்த காற்றும், எதிரே தெரியும் உச்சியும் சேர்ந்தால் அறிவு வேலை செய்வதில்லை. கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கும் மேலே ஏற முனைந்தால் உயிருக்கே முடிவாகும் என்று வள்ளுவர் சொன்னது இந்த மயக்கத்தைத்தான். பத்தொன்பது இருபது வயதில் பின்வாங்குவது இழுக்காகத் தோன்றும். ஆனால் அவரே வேறோர் இடத்தில், பாய்வதற்காகப் பின்னே கால் வாங்கும் ஆட்டுக்கடாவைக் காட்டுகிறார். பின்வாங்குவது அச்சத்தின் அடையாளம் என்று அந்தக் கடாவிடம் யார் சொல்வார்?

இந்தக் காகிதத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் அம்மாவின் குரல் முதன்முறையாகச் சற்று இளகியது. "திரும்புற நேரத்தை எழுதியே வெச்சிருக்கீங்களா?" என்று இருமுறை கேட்டார். "அதுல ஒரு நகல் எனக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன். எங்கள் வீட்டில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் அது தொங்குவதாகத் தங்கை சொன்னாள்.

மூன்றாவது இடம். நீரில் முதலை வெல்லும். நீரை விட்டு வந்தால் அதனைப் பிற விலங்குகள் வெல்லும். பெங்களூர்வாசிகளாகிய நாம் குளிரை அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். சென்னையிலிருந்து வரும் உறவினரிடம் இதில் பெருமையும் அடிக்கிறோம். இந்த நகரின் மிகக் குறைந்த வெப்பநிலையாகப் பதிவாகியிருப்பது 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. நாங்கள் கூடாரமடிக்கப் போகும் இடத்தில் இரவில் அது சுழிக்குக் கீழே பத்து டிகிரிக்கும் போகலாம். அங்கே நம் குளிரறிவு செல்லாக்காசு.

உடையைப் பற்றியே எங்களுக்கு ஒரு மாதம் பாடம் நடந்தது. நமக்குப் பருத்தியே உடை. திருப்பூர்ப் பனியன் போல் நம் வெயிலுக்கு இதமானது வேறில்லை. ஆனால் பனியில் அது பகை. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நின்றதும் அந்த ஈரம் உடலின் சூட்டை உறிஞ்சும். ஆகவே உடலையொட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் சூட்டைக் காக்கும் தடித்த உடை, அதற்கும்மேல் காற்றையும் பனியையும் தடுக்கும் உறை என மூன்று அடுக்கு வேண்டும். வியர்க்குமுன் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். குளிருமுன் ஓர் அடுக்கைப் போட வேண்டும். பெரும்பாலானவற்றை வாடகைக்கே எடுத்தோம். மாணவனின் பணப்பைக்கு அதுதான் இசைவு. காலணியை மட்டும் வாடகைக்கு எடுக்கலாகாது என்பது அக்காவின் ஆணை. புதுக் காலணி கடிக்கும். கடியைப் பெங்களூரிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. ஆகவே ஆறு வாரமாக அந்தப் பெருங்காலணியோடுதான் வகுப்புக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போய் வருகிறேன். அம்மா வற்புறுத்திய குரங்குக் குல்லாவும் பையில் இருக்கிறது. நாகரிகம் பார்த்து மறுக்க நினைத்தேன். காதையும் கழுத்தையும் ஒருங்கே மூடுவதற்கு அதைவிடச் சிறந்தது எதுவும் கடையில் கிடைக்கவில்லை!

குளிரைவிட நுட்பமான பகை காற்றின் குறைவு. பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இங்கே உண்டு. கேதார்காந்தாவின் உச்சியில் மூன்றில் இரண்டு பங்குகூட இராது. நீர் அங்கே 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாமல் அடம்பிடிக்கும். உடலுக்கு இது பழக நாள் வேண்டும். 2,500 மீட்டருக்கு மேலே தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றலாம். அப்படித் தோன்றினால் அதே இடத்தில் தங்க வேண்டும். குறையாவிட்டால் இறங்க வேண்டும். அதனை மறைத்துக்கொண்டு ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். உடல்வலிவு மிக்கவனுக்கு இது வாராது என்பது பொய். ஓட்டத்தில் முதல்வனையும் அது வீழ்த்தும். அதனால் அடிவாரத்துச் சாங்கிரிக் கிராமத்தில், சுமார் 1,950 மீட்டரில், ஒரு முழுநாள் தங்கிப் பழகிய பிறகே ஏறுகிறோம்.

இடனறிதலின் கடைசிக் குறளில், வேலுக்கும் அஞ்சாத களிறு சேற்றில் கால் புதைந்தால் நரிக்கு இரையாகும் என்று வரும். எங்கள் குழுவுக்கு அது வெறும் உவமையாக இருக்கவில்லை. முதலில் நாங்கள் பன்னிருவர். எங்கள் களிறு வேலூர் நண்பர். ஐந்து கிலோமீட்டரை 22 நிமிடத்தில் முடிப்பார். பின்தங்குகிறவனின் பையையும் சேர்த்துச் சுமப்பார். இந்தப் பயணத்தை முதன்முதல் முன்மொழிந்தவரே அவர்தான். டிசம்பர் தொடக்கத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, இருமல் போகவில்லை. நெஞ்சில் சளி இன்னும் இருக்கிறது, உயரத்துக்குப் போகலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்றிரவு உணவுக்கூடத்தில் கூடினோம். "இன்னும் நாலு வாரம் இருக்கே, சரியாயிடும்" என்றார் நண்பர். எவருக்கும் வாய் எழவில்லை. அவர் இல்லாத குழுவை எங்களில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கடைசியில் அக்காதான் பேசினார்: "நாலு வாரத்துல சரியாகலாம். ஆகும்னு நம்பி உன்னை அழைச்சுக்கிட்டுப் போக என்னால முடியாது. மேலே உனக்கு மூச்சுத் திணறினா உன்னை இறக்க ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேரும் களைச்சிருப்பாங்க. இருட்டா இருக்கும்." நண்பர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் அவர் ஏரிக்கரைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார், ஓடவில்லை. சிலைக்கு எதிரே நின்று, கையில் கடிகாரத்தோடு, "நேரத்தை இனிமே நான் பாக்கறேன், ஓடுங்க" என்றார். நாங்கள் ஓடினோம். அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

அப்பர் பெருமான் கயிலைக்குப் புறப்பட்ட கதையைப் பெரியபுராணத்தில் படித்திருப்பீர்கள். கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடல் தேய்ந்து, உருண்டு சென்றும் அந்த மலையை அவர் அடையவில்லை. இடைவழியில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது காவிரிக்கரையில். மலைக்குப் போகாதவனுக்கும் மலையில் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

வேலூர் நண்பரின் பங்கு இப்போது எங்கள் அனைவருடையதையும்விடப் பெரிது. பதினொருவரின் பெயர், இரத்த வகை, பெற்றோரின் தொலைபேசி எண், நாள்தோறும் நாங்கள் தங்கும் இடம் எல்லாம் அவர் கையில். குறித்த நாளில் குறித்த நேரத்துக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியலும் அவரிடமே. மலையேறும் குழுவில் ஊரில் இருப்பவன்தான் கடைசிக் கயிறு. அந்தக் கயிற்றைப் பிடிப்பதற்கு இவரைவிட உறுதியான கை எங்களுக்குக் கிடைக்காது.

அன்பர்களே, உச்சியை அடைந்தோமா என்று திரும்பியதும் கேட்பீர்கள். அடைந்தால் மகிழ்வோம், பத்து மணி அடித்துத் திரும்பினாலும் தலைகுனிய மாட்டோம். பதினொருவர் போய்ப் பதினொருவராக வருவதே இந்தப் பயணத்தின் வெற்றி என்று புறப்படுமுன்பே தீர்மானித்துவிட்டோம். மலை அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். அதற்கு நீங்களும் வரலாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அல்சூர் ஏரிக்கரைக்கு வந்து சேருங்கள். நாங்கள் ஊரில் இல்லாத இரண்டு ஞாயிறுகளிலும் வேலூர் நண்பர் கடிகாரத்தோடு அங்கே நிற்பார்.